வேலையை மாற்றும் நேரம் வந்துவிட்டதா? ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓசூர் சிப்காட், பர்கூர், போச்சம்பள்ளி, குருபரப்பள்ளி என்று எங்கள் மாவட்டத்தில் எந்தப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பார்த்தாலும், ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனதும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, வேற கம்பெனி பார்க்கலாமா?" ஐ.டி.ஐ. முடித்து வந்த தம்பிகள், பாலிடெக்னிக் முடித்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அசெம்பிளி லைனுக்கு வந்த தங்கைகள், எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் சூப்பர்வைசர் திட்டிய அன்றைக்கோ, பக்கத்துக் கம்பெனியில் இரண்டாயிரம் அதிகம் என்று கேள்விப்பட்ட அன்றைக்கோதான் கேட்கிறார்கள்.

அந்த இரண்டு நாளும் முடிவெடுக்க உகந்த நாள் இல்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருந்தால் எனக்குப் புதிதாக என்ன கிடைக்கும்? ஒரு தொழில் கைக்கு வருமா, சம்பளம் ஏறுமா, நிரந்தரம் ஆகுமா, சேமிப்பு சேருமா? பதிலை ஒரு தாளில் எழுத முடிந்தால் இருங்கள். எழுத உட்கார்ந்தும் ஒரு வரிகூட வரவில்லை என்றால் தேட ஆரம்பியுங்கள். அந்தத் தாளை எப்படி நிரப்புவது, முடிவெடுத்த பிறகு எதையும் இழக்காமல் எப்படி விலகுவது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: சலிப்பையும் தேக்கத்தையும் பிரித்துப் பாருங்கள்

முதல் மூன்று மாதம் யாருக்கும் கஷ்டம்தான். நைட் ஷிப்டுக்கு உடம்பு பழகியிருக்காது. எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்தால் கால் வீங்கும். கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ஊர் நினைப்பு வரும். இதெல்லாம் புது இடத்துக்குப் போனாலும் கூடவே வரும். அதற்காக வேலையை மாற்றினால் அதே மூன்று மாதத்தை இன்னொரு கம்பெனியில் மறுபடி அனுபவிக்க வேண்டியதுதான்.

திட்டுகிற சூப்பர்வைசர் விஷயமும் அப்படித்தான். லைன் மாற்றிக் கேட்கலாம், ஷிப்ட் மாற்றிக் கேட்கலாம். அவரே மாற்றலாகிப் போகலாம். கேட்டுப் பார்க்காமலே பேப்பர் போடுவது, அதாவது ராஜினாமா கொடுப்பது, அவசரம். ஆனால் கை நீட்டுவது, சாதியைச் சொல்லிப் பேசுவது, பெண்களிடம் தவறாகப் பேசுவது அல்லது நடந்துகொள்வது இந்தக் கணக்கில் சேராது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட இடத்தை விட்டுப் போக இன்னொரு காரணம் தேட வேண்டியதில்லை.

தேக்கம் என்பது வேறு. கோபமே இருக்காது, எல்லோரும் நன்றாகத்தான் பேசுவார்கள். போன வருடம் என்ன செய்தீர்களோ அதையே இந்த வருடமும் செய்துகொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான். இது வலிக்காது என்பதால் பலர் நாலைந்து வருடம் கழித்துத்தான் கவனிக்கிறார்கள்.

இரண்டாவது படி: பே ஸ்லிப்பை விரித்து வைத்துப் படியுங்கள்

பேங்கில் பணம் ஏறியதும் மெசேஜை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவோம். இந்த ஒரு முறை பே ஸ்லிப்பை வாங்கி, வரி வரியாகப் பாருங்கள். உங்கள் வேலையின் உண்மை நிலை அந்த ஒரு தாளில் இருக்கிறது.

முதலில் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சட்டையில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும், தாளில் ஏதோ ஒரு ஏஜென்சி பெயர் இருக்கும். அப்படியானால் நீங்கள் கான்ட்ராக்ட் ஆள். சட்டப்படி உங்களை வேலைக்கு வைத்திருப்பவர் அந்த ஏஜென்சி. ஊரில் "பிள்ளை பெரிய கம்பெனியில் இருக்கான்" என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் திட்டமிடும்போது இதை மறக்கக் கூடாது.

அடுத்து, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது? அப்ரெண்டிஸா, ட்ரெயினியா, குறிப்பிட்ட கால ஒப்பந்தமா, நிரந்தரமா? 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தில் பதிவான அப்ரெண்டிஸ் என்றால் கைக்கு வருவது உதவித்தொகை. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்காது. அதற்குப் பதிலாகக் கடைசியில் கிடைப்பது அப்ரெண்டிஸ் சான்றிதழ். பத்து மாதம் ஓட்டிவிட்டு, சான்றிதழ் வாங்காமல் ஆயிரம் ரூபாய்க்காக வெளியே போகிற தம்பிகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பயிற்சிக்காலத்தை முடித்து, தேர்வு எழுதி, சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பிறகு பிடித்தங்கள். பி.எஃப். என்றால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் உங்களிடமிருந்து 12 சதவீதம். கம்பெனியும் அதே 12 சதவீதம் போட வேண்டும். கம்பெனி போடும் அந்தப் பன்னிரண்டில் 8.33 பென்ஷன் கணக்குக்குப் போகும். ஈ.எஸ்.ஐ. என்றால் உங்களிடமிருந்து 0.75 சதவீதம், கம்பெனியிடமிருந்து 3.25 சதவீதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது உண்டு. சிலர் "இவ்வளவு பிடிக்கிறானே" என்று வருத்தப்படுவார்கள். பிடிப்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிடித்ததைக் கட்டாமல் விட்டால்தான் வருத்தப்பட வேண்டும். உங்கள் யு.ஏ.என். எண்ணை (பி.எஃப்.-இல் உங்களுக்கென்று உள்ள நிரந்தர எண்) வைத்து பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, போன ஆறு மாதமும் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லிப்பில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால் எச்.ஆரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பி.எஃப். அலுவலகத்தின் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். அந்த இடத்திலிருந்து கிளம்பவும் தயாராகுங்கள்.

கடைசியாக ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். எத்தனை மணி நேரம் ஓ.டி. பார்த்தீர்கள் என்று நீங்களே ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் ஸ்லிப்போடு ஒத்துப் பாருங்கள். ஒற்றைச் சம்பளமாகத்தான் வருகிறது, கேட்டால் "இஷ்டம் இருந்தா இரு" என்கிறார்கள் என்றால் உங்கள் தாளில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: கைக்குத் தொழில் வருகிறதா?

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது இதுதான். இருபது, இருபத்திரண்டு வயதில் கிடைக்கும் சம்பளத்தை விட அந்த வயதில் கற்றுக்கொள்ளும் வேலைதான் முப்பது வயதில் உங்களைக் காப்பாற்றும்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் சி.என்.சி. மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சேர்ந்த புதிதில் பாகத்தை மாட்டுவது, கதவை மூடுவது, பொத்தானை அழுத்துவது, எடுத்து ட்ரேயில் வைப்பது, இவ்வளவுதான் கொடுப்பார்கள். சரி, அது ஆரம்பம். மூன்று நான்கு மாதத்தில் வெர்னியர், மைக்ரோமீட்டர் பிடித்து அளந்து பதிவு செய்ய விட வேண்டும். டூல் தேய்ந்தால் இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றுவது, ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுப்பது ஆறு மாதத்துக்குள் தெரிய வேண்டும். வரைபடத்தைப் பார்த்து எந்த அளவுக்கு எவ்வளவு ஏற்றத்தாழ்வு அனுமதி என்று படிக்கவும், வேறு பாகத்துக்கு செட்டிங் மாற்றும்போது, மெஷினைத் தயார் செய்யும் செட்டர் பக்கத்தில் நின்று உதவவும் ஒரு வருடத்துக்குள் வாய்ப்பு வர வேண்டும். ஒரு வருடம் கழித்தும் மாட்டுவது, எடுப்பது மட்டும்தான் என்றால், உங்கள் அனுபவச் சான்றிதழில் ஒரு வருடம் என்று இருந்தாலும் இன்டர்வியூவில் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். "ஒர்க் ஆஃப்செட் எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டால் பதில் இருக்காது.

அதனால் முதலில் கேளுங்கள். செட்டரிடம் "அண்ணா, அடுத்த செட்டிங் எப்போ? நான் ஷிப்ட் முடிஞ்சு இருந்து பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். நல்ல செட்டர்கள் கற்றுக்கொடுப்பார்கள், கேட்க ஆள் இல்லாததுதான் அவர்கள் குறை. இரண்டு மூன்று முறை கேட்டும், எச்.ஆரிடம் சொல்லியும், வேறு வேலை தரவே இல்லை என்றால் அப்போது தேடுங்கள்.

மற்ற வேலைகளுக்கும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளியில் ஒரே இடத்தில் ஒரே ஸ்க்ரூ போடுகிற தங்கை, சோதனைப் பிரிவுக்கோ தரக்கட்டுப்பாட்டுக்கோ மாற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் இருக்கும் நர்ஸ் என்றால், ஓ.பி.யிலேயே வைத்திருக்கிறார்களா, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சுற்றில் அனுப்புகிறார்களா என்று பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ்த் தொழிற்சாலைகளில் சீசனுக்குச் சேர்கிறவர்கள், சீசன் முடிந்த பிறகும் பராமரிப்பு, பாய்லர், குளிர்பதனம் என்று நிலைத்த வேலை ஏதாவது கற்க வழி உண்டா என்று முதல் மாதமே கேட்டுவிடுவது நல்லது.

நான்காவது படி: உடம்பு என்ன சொல்கிறது?

இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்து கிரானைட் அறுக்கும், மெருகேற்றும் பட்டறைகளில் பறக்கும் மெல்லிய தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்கு முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசி வெகுவாகக் குறையும். முறையான சுவாசக் கவசம் தர வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. தண்ணீரும் இல்லை, கவசமும் இல்லை, மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்றால், அந்த வேலையைத் தொடர்வதா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். டாக்டரிடம் எந்த இடத்தில் என்ன வேலை என்று சொல்லி மார்பு எக்ஸ்ரே எடுங்கள். வேறு வேலை தேடுங்கள். காது இரைச்சல், கரைப்பான் நெடியால் வரும் தலைச்சுற்றல், பிரஸ் மெஷினில் பாதுகாப்பு சென்சாரை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்வது, இவையும் அதே வரிசைதான். விரல் போனால் எந்தக் கம்பெனியும் திருப்பித் தராது.

பயணத்தையும் உடம்புக் கணக்கில் சேருங்கள். நைட் ஷிப்ட் முடிந்து அரைத் தூக்கத்தில் தேசிய நெடுஞ்சாலை 44-இல் பைக் ஓட்டிக்கொண்டு காவேரிப்பட்டினம் வரை, தருமபுரி வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி பஸ் உள்ள வேலை ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும், என் கணக்கில் அதுதான் நல்ல வேலை.

ஐந்தாவது படி: "இரண்டாயிரம் அதிகம்" என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

டீக்கடையில் சொல்லும் சம்பளம் பெரும்பாலும் பிடித்தத்துக்கு முந்தைய தொகை, அல்லது ஓ.டி. சேர்த்த தொகை. கையில் வருவது எவ்வளவு, எட்டு மணி நேர வேலைக்கு மட்டும் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

உதாரணத்துக்கு, ராயக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போய்வருகிற ஒருவர் கையில் 14,500 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சாப்பாடு, கேன்டீனுக்கு மாதம் 500 ரூபாய். அத்திப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனியில் 18,500 தருகிறார்கள். பார்த்தால் 4,000 அதிகம். ஆனால் பஸ் இல்லை, அறை எடுக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து எடுத்தாலும் ஆளுக்கு 2,000, சாப்பாட்டுக்கு 3,500, மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வந்துபோக 400. மொத்தம் 5,900. பழைய 500-ஐக் கழித்தால் புதுச் செலவு 5,400. ஆக, மாதம் 1,400 ரூபாய் குறைகிறது. அட்வான்ஸ் வேறு.

அதற்காகப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. அங்கே செட்டிங் கற்றுத் தருகிறார்கள், ஒரு வருடத்தில் நிரந்தரம் என்று எழுத்தில் தருகிறார்கள் என்றால், அந்த 1,400 ரூபாயைப் படிப்புச் செலவாக நினைத்துப் போகலாம். வெறும் சம்பளத்துக்காக என்றால் வேண்டாம்.

இதே கணக்கில் பைக் கடன் தவணையையும் சேருங்கள். கையில் குறைந்தது மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருந்தால்தான் தைரியமாகப் பேரம் பேச முடியும். வீட்டில் தக்காளி விலை விழுந்து அப்பா கஷ்டப்படுகிற நேரம், தங்கை கல்யாணம் இருக்கிற நேரம் என்றால் இன்னும் ஆறு மாதம் பொறுத்துக்கொள்வது கோழைத்தனம் ஆகாது.

அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க வேலையை விடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். என் கருத்து: குரூப் 4 அல்லது காவலர் தேர்வு அறிவிப்பு வரும்வரை வேலையில் இருந்தபடியே படியுங்கள், முடிந்தால் ஜெனரல் ஷிப்ட் கேட்டு வாங்குங்கள். அப்படியும் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், எந்தத் தேதி வரை படிப்பீர்கள், அதற்குப் பிறகு எந்த வேலை என்பதை வீட்டில் எல்லோர் முன்னாலும் பேசி முடிவு செய்துவிட்டு விடுங்கள்.

ஆறாவது படி: நாள் பார்த்து விலகுங்கள்

நாள் என்றால் அஷ்டமி, நவமி இல்லை. சட்டத்தில் சில நாள் கணக்குகள் இருக்கின்றன, அதைத் தாண்டுவதற்கு முன்னால் போனால் நஷ்டம்.

தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டு கொண்டுவந்த நிரந்தரத் தகுதிச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதக் காலத்தில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்கிறது அது. பருவகால நிறுவனங்களுக்கு இது பொருந்தாது, அப்ரெண்டிஸ் காலமும் கணக்கில் வராது. இதனாலேயே சில இடங்களில் அந்த எண்ணிக்கைக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள், அல்லது இடைவெளி விட்டுப் புதிதாகச் சேர்ப்பது போலக் காட்டுகிறார்கள். உங்கள் வருகைப் பதிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 400 நாளைத் தாண்டியிருந்தால், போவதற்கு முன் சங்கத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்கு முன் சேர்ந்தவர்களில் யாராவது நிரந்தரம் ஆனார்களா என்பதையும் விசாரியுங்கள். ஒருவர்கூட ஆகவில்லை என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து வருடத் தொடர் வேலை வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை செய்த வருடங்களால் பெருக்கினால் தொகை வரும். 15,000 ரூபாய் என்றால் ஐந்து வருடத்துக்குச் சுமார் 43,000. நாலரை வருடத்தில் இருப்பவர் இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டுதான் பேப்பர் போட வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி ஒரு வருடம் முடித்தாலே வேலை செய்த காலத்துக்கேற்பப் பணிக்கொடை உண்டு. பலருக்கு இது தெரியவில்லை. கேட்டு வாங்குங்கள்.

போனஸுக்காகத் தீபாவளி வரை இழுத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாட்களாவது வேலை செய்திருந்தால், விலகிப் போனாலும் அந்த நாட்களுக்கு உரிய போனஸ் உங்களுக்குச் சேர வேண்டியதுதான்.

கல்யாணமாகிக் குழந்தையை எதிர்பார்க்கும் சகோதரிகள் மட்டும் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மகப்பேறு விடுப்பு 26 வாரம், அதுவும் சம்பளத்தோடு. ஈ.எஸ்.ஐ. மூலம் அதைப் பெற, முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) மொத்தம் 70 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. இல்லாத இடமென்றால் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அதே நிறுவனத்தில் 80 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் ஈ.எஸ்.ஐ. உள்ள வேலையை விட்டுவிட்டு, எந்தப் பதிவும் இல்லாத சின்ன இடத்தில் சேர்வது பெரிய இழப்பு.

ஏழாவது படி: கையில் ஒன்று இருக்கும்போதே தேடுங்கள்

வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவருக்குத்தான் மதிப்பு. கூட வேலை பார்த்துப் போனவர்கள் மூலம் விசாரிப்பதுதான் எங்கள் பக்கம் நன்றாகப் பலிக்கும் வழி, உள்ளே நடப்பதை அவர்கள் மறைக்க மாட்டார்கள். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகின்றன. தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

பணம் கட்டினால் வேலை என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்ட் மாடியில் அலுவலகம் போட்டு, பெரிய கம்பெனி பெயரைச் சொல்லி, யூனிஃபார்முக்கு என்றும் பயிற்சிக்கு என்றும் இரண்டாயிரம், மூவாயிரம் வாங்குகிறவர்களிடம் ஏமாறுவது பெரும்பாலும் கிராமத்திலிருந்து முதல் தடவை வரும் பிள்ளைகள்தான். அசல் சான்றிதழையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலைக் கையோடு எடுத்து வாருங்கள்.

இன்டர்வியூவில் நீங்களும் கேள்வி கேட்கலாம். யார் ரோலில் சேர்க்கிறீர்கள், கம்பெனியா ஏஜென்சியா? பஸ் எங்கிருந்து வருகிறது? ஷிப்ட் எத்தனை நாளுக்கு ஒரு முறை மாறும்? பாண்டு (இவ்வளவு காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா, உண்டென்றால் எவ்வளவு காலம், எவ்வளவு பணம்? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தைப் பற்றி அதிலேயே தெரிந்துவிடும்.

எட்டாவது படி: பேப்பர் போட்டு, முறையாக வெளியே வாருங்கள்

புதுக் கம்பெனியின் வேலை ஆணை எழுத்தில் கைக்கு வரும்வரை இங்கே வாயைத் திறக்க வேண்டாம். போனில் "செலக்ட் ஆயிட்டீங்க" என்பது ஆணை ஆகாது.

ஆணை வந்ததும் உங்கள் பழைய நியமனக் கடிதத்தை எடுத்து, எத்தனை நாள் நோட்டீஸ் என்று பாருங்கள். ராஜினாமாவை எழுத்தில் கொடுங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். கடைசி வேலை நாள் எது என்று தேதியோடு குறிப்பிடுங்கள். காரணம் ஒரு வரி போதும், யாரையும் குறை சொல்லி எழுத வேண்டாம். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

சம்பளம் ஏறிய மறுநாளிலிருந்து வராமல் நின்றுவிடுவது எங்கள் பக்கம் சாதாரணமாகிவிட்டது. அப்படி நின்றால் ரிலீவிங் லெட்டர் கிடையாது, அனுபவச் சான்றிதழ் கிடையாது, பி.எஃப். கணக்கில் விலகிய தேதி ஏறாது. இரண்டு வருட உழைப்புக்குச் சான்றே இல்லாமல் போய்விடும்.

கடைசி வாரத்தில் அடையாள அட்டை, டூல், லாக்கர் சாவி, பாதுகாப்பு ஷூ எல்லாவற்றையும் ஒப்படைத்து, ஒவ்வொரு பிரிவிலும் நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லை என்ற) கையெழுத்து வாங்குங்கள். கம்பெனி ஹாஸ்டலில் இருப்பவர்கள் அறையை எந்தத் தேதியில் காலி செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கடைசி நாள் சாயங்காலமே பெட்டியோடு வெளியே நிற்க வேண்டி வரும். ராஜினாமா செய்தவருக்குச் சம்பள பாக்கியை 2 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. இன்னும் பல கம்பெனிகள் பழைய பழக்கத்தில் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் இழுக்கின்றன. பணிவாக, ஆனால் எழுத்தில், இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். எடுக்காத விடுப்புக்கான பணமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்பதாவது படி: புது இடத்தில் முதல் இரண்டு மாதம்

சேரும் அன்றே பழைய யு.ஏ.என். எண்ணையும் பழைய ஈ.எஸ்.ஐ. எண்ணையும் கொடுங்கள். இரண்டும் ஆயுள் முழுவதும் ஒன்றுதான், கம்பெனி மாறினால் மாறாது. தெரியாமல் புது எண் போட்டுவிட்டால் பிறகு இரண்டையும் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆதார், பேங்க், பி.எஃப். மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கட்டும். இன்ஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்தாலே சிக்கல்தான்.

பி.எஃப். பணத்தை ஒவ்வொரு வேலை மாற்றத்தின்போதும் எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். மாத பென்ஷனுக்கு மொத்தம் 10 வருடச் சேவை வேண்டும். மாற்றிக்கொண்டே வந்தால் நாலு கம்பெனியில் செய்த வேலையும் கூடிக்கொண்டே வரும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்துதான். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் இழுத்தால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆன பிறகு யு.ஏ.என். தளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதிவு செய்துகொள்ளலாம்.

முதல் பே ஸ்லிப் வந்ததும் இரண்டாவது படியில் சொன்னபடி தலைப்பிலிருந்து ஓ.டி. வரை படித்து, இன்டர்வியூவில் சொன்னதோடும் வேலை ஆணையோடும் ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். நான்காவது மாதம் கேட்டால் "இவ்வளவு நாள் ஏன் கேட்கலை?" என்பார்கள்.